உப்பு தின்ற குதிரைதான் தண்ணீர் குடிக்கும்

மூன்று மணி நேரம் வெயிலில் ஓடிவிட்டு வந்து நின்றது அந்தப் பெண்குதிரை. கழுத்து முழுக்க வியர்வை. பின்னங்கால் இடுக்கில் சோப்பு நுரை மாதிரி வெள்ளையாகத் திரண்டிருந்தது. சேணத்தை இறக்கியதும் வாளியை முன்னால் வைத்தேன். இரண்டு வாய் உறிஞ்சியது. பிறகு தலையை நிமிர்த்தி, உதட்டில் நீர் சொட்ட, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. தாகம் இருந்தால் குடிக்காதா என்று வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை லாயத்தில் கிடந்த லத்தி சிறுசிறு உருண்டைகளாக இறுகி, மேலே சளி பூசியதுபோல் இருந்தது. குதிரை தீவனத்தைத் தொடவில்லை. அடிக்கடி திரும்பித் தன் விலாவையே பார்த்தது. கால்நடை மருத்துவர் வந்து குழாய் வழியாக வயிற்றுக்குள் தண்ணீர் செலுத்தி, மாலைவரை கூடவே இருந்து காப்பாற்றினார். குடலில் தீவனம் வறண்டு அடைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தது.

அன்று நான் செய்த தவற்றை இன்றும் பலர் செய்கிறார்கள். குதிரை குடிக்கவில்லை என்றால் அதற்குத் தண்ணீர் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், மூட்டுக்கு ஒரு பொடி, குளம்புக்கு ஒரு பொடி, ரத்தம் ஊற ஒரு டானிக் என்று லாயத்து அலமாரி டப்பாக்களால் நிறைகிறது. குதிரையின் உடலில் தண்ணீர் எப்படி நடமாடுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த டப்பா தேவை, எது வீண் என்பதில் பாதி தானாகவே தெளிவாகிவிடும். அதனால் முதலில் தண்ணீரைப் பேசுவோம், டப்பாக்களுக்குப் பிறகு வருவோம்.

நமக்கு வரும் தாகம் குதிரைக்கு ஏன் வருவதில்லை?

ஒரு பாத்திரத்தில் உப்புத் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுங்கள். நீர் ஆவியாகப் போகும், உப்பு தங்கிவிடும். வற்ற வற்றக் கரிப்பு ஏறும். இன்னொரு பாத்திரத்திலிருந்து அதே உப்புத் தண்ணீரைக் கரண்டியால் மொண்டு வெளியே கொட்டுங்கள். அளவு குறையும், ஆனால் மிச்சமிருக்கும் தண்ணீரின் கரிப்பு அப்படியே இருக்கும்.

நாம் வியர்ப்பது முதல் பாத்திரம் மாதிரி. நம் தோலிலுள்ள வியர்வைக் குழாய்கள் உப்பில் பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டுதான் வியர்வையை வெளியே விடுகின்றன. அதனால் மனித வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. உப்பு உள்ளே தங்கி நீர் வெளியே போவதால் ரத்தம் கரிப்பேறுகிறது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இந்தக் கரிப்பை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. கரிப்பு கொஞ்சம் ஏறினாலே அது மணியடிக்கும். அந்த மணிக்குத்தான் தாகம் என்று பெயர்.

குதிரை வியர்ப்பது இரண்டாவது பாத்திரம் மாதிரி. அதன் வியர்வையில் ரத்தத்தில் இருக்கும் அளவுக்கு, சில சமயம் அதைவிடக் கூடுதலாகவும் உப்பு இருக்கிறது. நீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுவதால் ரத்தத்தின் கரிப்பு அவ்வளவாக மாறுவதில்லை. உடலில் நீர் குறைந்துவிட்டது, ஆனால் மணி அடிக்கவில்லை. ரத்தத்தின் மொத்த அளவு குறைவதைக் கவனிக்க வேறொரு ஏற்பாடு உடலில் உண்டு. ஆனால் அது மந்தமானது, இழப்பு பெரிதான பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

அன்று அந்தப் பெண்குதிரை என்னிடம் பொய் சொல்லவில்லை. அதற்கு உண்மையிலேயே தாகம் எடுக்கவில்லை.

உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று நாம் வேறு பொருளில் சொல்லும் பழமொழி, குதிரை விஷயத்தில் எழுத்துக்கு எழுத்து உடலியல். இழந்த உப்பு திரும்ப உள்ளே போனால்தான் ரத்தம் கரிப்பேறும், மணி அடிக்கும், குதிரை வாளியில் வாயை வைக்கும்.

எவ்வளவு போகிறது?

ஓடும்போது தசைகள் எரிக்கும் ஆற்றலில் கால்பங்கோ அதற்கும் குறைவோதான் ஓட்டமாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் தோல் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற வேண்டும். குதிரையோ பெரிய உடல். அதன் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட அது ஏராளமாக வியர்க்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரை வெப்பமான நாளில் கடுமையாக உழைத்தால் மணிக்கு 10 முதல் 15 லிட்டர்வரை வியர்வையாக இழக்கும். ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் தோல் வழியாகக் கொட்டிவிடுகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வியர்வையின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 10 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் பெரும்பங்கு குளோரைடு, அடுத்து சோடியம், பிறகு பொட்டாசியம். கால்சியமும் மக்னீசியமும் சிறிதளவு. நீரில் கரைந்தால் மின்னேற்றம் பெறும் இந்தத் தாதுக்களைத்தான் எலக்ட்ரோலைட் என்கிறார்கள். நரம்பு சொல்வதைத் தசை கேட்பதும், தசை சுருங்கி விரிவதும் இவற்றை நம்பித்தான் நடக்கின்றன.

பின்னங்கால் இடுக்கில் நான் பார்த்த நுரைக்குக் காரணம் லாத்தெரின் என்ற புரதம். குதிரை முடி எண்ணெய்ப் பசையுள்ளது. அதன்மேல் நீர் முத்துமுத்தாக உருண்டு விழுந்துவிட்டால் உடல் குளிராது. லாத்தெரின் சோப்பு மாதிரி வேலை செய்து வியர்வையை முடி முழுக்கப் பரப்பி ஆவியாக விடுகிறது. நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வியர்வை காய்ந்தபின் முடியில் வெள்ளையாகப் படியும் தூளைத்தான் கவனிக்க வேண்டும். அத்தனையும் குதிரையின் உடலிலிருந்து போன உப்பு.

உப்பு மிகவும் குறைந்துபோனால் என்னாகும் என்பதை நீண்டதூர ஓட்டக் குதிரைகளிடம் பார்க்கலாம். நின்றுகொண்டிருக்கும் குதிரையின் விலா, விக்கல் வந்ததுபோல் விட்டுவிட்டுத் துடிக்கும். மார்பில் கையை வைத்தால் இதயமும் அதே தாளத்தில் அடிப்பது தெரியும். கால்சியமும் குளோரைடும் குறைந்ததால் நரம்பு எதற்கெடுத்தாலும் துள்ளும் நிலைக்கு வந்து, இதயத்தின் மின்துடிப்பையே கட்டளையாக எடுத்துக்கொண்டு உதரவிதானத்தை ஆட்டுகிறது. இப்படிப்பட்ட குதிரையை ஓர் அடிகூட ஓட்டக்கூடாது. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: குதிரையின் வியர்வை ரத்தத்துக்கு நிகரான உப்புள்ளது. நீரும் உப்பும் சேர்ந்து போவதால் தாகம் தாமதமாகிறது. வெறும் நீரைக் காட்டுவது போதாது, போன உப்பையும் திரும்பக் கொடுக்க வேண்டும்.

வயிற்றுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி

சப்ளிமென்ட் விற்பவர்கள் அதிகம் பேசாத ஒரு விஷயம் இது. குதிரையின் பெருங்குடலும், அதன் வாயிலில் பை போலத் தொங்கும் பகுதியும் சேர்ந்து பிரம்மாண்டமான நொதித்தொட்டி. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைச் சிதைத்து ஆற்றலாக மாற்றுகின்றன. நொதிப்பதற்கு ஈரம் வேண்டும். நாரும் பஞ்சுபோல் நீரை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே வயிறு நிறைய நார்த்தீவனம் தின்ற குதிரை, பல வாளி நீரையும் அதில் கரைந்த உப்புகளையும் கூடவே சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. வியர்வையில் ரத்தம் வற்றும்போது குடல் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது.

ஓட்டத்துக்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று உலர்புல்லை முந்தின இரவே நிறுத்திவிடுகிறவர்கள், நீண்டதூரம் போகும் குதிரையின் தொட்டியைத் தாங்களே திறந்துவிடுகிறார்கள். குறுகிய தூரப் பந்தயத்தில் வயிற்றின் எடையைக் குறைக்கப் பார்ப்பதற்கு ஒரு கணக்கு இருக்கலாம். பல மணி நேரம் உழைக்கும் குதிரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தொட்டியை நிரப்புவது தண்ணீரும் நாரும் சேர்ந்து. பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்குவரை நீர் இருக்கும். உலர்புல்லில் 10 முதல் 15 சதவீதம்தான். அதனால் புல்வெளியில் மேயும் குதிரை வாளியைத் தொடாமல் நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே குதிரையை லாயத்தில் கட்டி உலர்புல் போட்டால், வேலையே இல்லாத மிதமான நாளில்கூட 500 கிலோ உடலுக்கு 25 முதல் 30 லிட்டர் குடிக்கும். வெயிலில் உழைத்தாலோ, குட்டிக்குப் பால் கொடுத்தாலோ இது இரு மடங்காகவும் அதற்கு மேலும் ஏறலாம். மேய்ச்சலிலிருந்து திடீரென்று உலர்தீவனத்துக்கு மாறும் நாட்களும், கடுங்குளிரில் தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கும் நாட்களும் குடல் அடைப்புக்கு ஏற்ற நாட்கள். குளிர்காலத்தில் நீரை வெதுவெதுப்பாக்கி வைத்தால் குதிரைகள் கூடுதலாகக் குடிக்கின்றன என்பது ஆய்வில் உறுதியானது. உலர்புல்லை நனைத்துக் கொடுப்பது அதைவிட எளிய வழி. அது தின்கிற தண்ணீர்.

தானே நிரம்பும் நீர்க்கிண்ணம் வசதிதான். ஆனால் குதிரை எவ்வளவு குடித்தது என்று அதில் தெரியாது. நோயிலிருந்து தேறும் குதிரைக்கும், புது இடத்துக்கு வந்த குதிரைக்கும் நான் வாளிதான் வைப்பேன். உட்புறம் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டால் காலையில் கணக்குத் தெரிந்துவிடும்.

சாதாரண உப்பு, எத்தனை கிராம்?

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007-இல் வெளியிட்ட குதிரைகளுக்கான ஊட்டத் தேவை அட்டவணைதான் பல நாடுகளில் தீவனக் கணக்குக்கு அடிப்படையாக இருக்கிறது. அதன்படி வேலையில்லாத 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 10 கிராம் சோடியம் வேண்டும். மிகக் கடுமையாக உழைக்கும் குதிரைக்கு 41 கிராம். சமையல் உப்பில் சோடியம் ஐந்தில் இரண்டு பங்குதான். மிச்சம் குளோரைடு. ஆகவே உப்பாகக் கணக்கிட்டால் ஓய்வில் சுமார் 25 கிராம், உச்ச உழைப்பில் சுமார் 100 கிராம்.

புல்லும் தானியமும் இந்தத் தேவையை நிரப்புவதில்லை. பெரும்பாலான தாவரங்களுக்குச் சோடியம் தேவையில்லை, அதனால் அவை அதைச் சேர்த்துவைப்பதுமில்லை. பொட்டாசியம் நேரெதிர். ஓய்விலிருக்கும் குதிரைக்கு நாளுக்கு 25 கிராம் போதும். 10 கிலோ நல்ல உலர்புல்லிலேயே அதைப்போலப் பல மடங்கு கிடைத்துவிடும். புல் தின்கிற குதிரைக்குப் பொட்டாசியத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. உப்பைத்தான் தேட வேண்டும். அது அடுக்களையிலேயே இருக்கிறது.

நக்குவதற்கு உப்புக்கட்டி தொங்கவிட்டிருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். மாட்டின் நாக்கு அரம் போன்றது. குதிரை நாக்கு வழுவழுப்பானது. கட்டியை நக்கித் தேவையான அளவைச் சேர்த்துக்கொள்ளும் குதிரையும் உண்டு, மாதக்கணக்கில் சீண்டாத குதிரையும் உண்டு. கட்டியைத் தொங்கவிடுங்கள், நல்லதுதான். ஆனால் தேவையான தூளுப்பைத் தீவனத்தில் கலந்துவிடுவதே நிச்சயமான வழி. கால் அளவில் தொடங்கி ஒரு வாரம் பத்து நாளில் ஏற்றினால் பெரும்பாலானவை முகம் சுளிக்காமல் தின்னும். பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். நீர் தாராளமாகக் கிடைத்தால், கூடுதலாகப் போன உப்பை ஆரோக்கியமான சிறுநீரகம் வெளியேற்றிவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. நாளைய ஓட்டத்துக்கென்று இன்றே உப்பை அள்ளிக் கொடுத்துச் சேமிக்க முடியாது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடும்.

எலக்ட்ரோலைட் டப்பாவும் பசையும்

லேசாக வேலை செய்து, கொஞ்சம் வியர்க்கும் குதிரைக்கு உப்பும் உலர்புல்லும் தண்ணீரும் போதும். பல லிட்டர் வியர்வை போகும் நாட்களில் எலக்ட்ரோலைட் கலவைக்கு உண்மையான வேலை இருக்கிறது. வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருட்களின் பட்டியலில் முதலில் நிற்க வேண்டியது சோடியம் குளோரைடு, அடுத்து பொட்டாசியம் குளோரைடு. சர்க்கரைதான் முதலில் இருக்கிறது என்றால் நீங்கள் வாங்குவது இனிப்பு. வியர்வையில் அதிகம் போவது குளோரைடு என்பதை நினைவில் வைத்திருந்தால் எந்த விளம்பரமும் உங்களைக் குழப்பாது.

ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வரும் எலக்ட்ரோலைட் பசையை வாய்க்குள் பீய்ச்சுவது நீண்டதூர ஓட்டங்களில் வழக்கம். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. செறிவான உப்பு வயிற்றுக்குள் இறங்கியதும், அதைக் கரைக்கத் தேவையான நீரைக் குடல் ரத்தத்திலிருந்து இழுக்கும். ஏற்கெனவே வற்றிப்போன குதிரை குடிக்கவும் மறுத்தால், நிலைமை கொஞ்ச நேரத்துக்கு மேலும் மோசமாகும். குதிரைக்கு வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது உள்ளேதான். செறிவான கரைசலை அடிக்கடி கொடுத்தால் இரைப்பைப் புண் கூடுகிறது என்பதையும் ஆய்வு காட்டியிருக்கிறது. குடிக்கத் தொடங்கிய குதிரைக்குத்தான் பசை, அதுவும் சிறிது சிறிதாக.

வற்றிய குதிரையைக் குடிக்கவைக்க ஓர் அழகான வழியை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். வியர்த்துவந்த குதிரைகளுக்கு முதல் வாளியாக, லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த நீரைக் கொடுத்தார்கள். ரத்தத்தின் கரிப்பும் ஏறத்தாழ அவ்வளவுதான். பிறகு நல்ல தண்ணீர் வைத்தார்கள். முதலிலிருந்தே வெறும் நீர் குடித்த குதிரைகளைவிட இவை மொத்தத்தில் அதிகம் குடித்தன. இரண்டு பாத்திரங்களை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். வெறும் நீர் உள்ளே போனால் மிச்சமிருக்கும் ரத்தம் நீர்த்துப்போய், அரைகுறையாக ஒலித்துக்கொண்டிருந்த தாகமணியும் அடங்கிவிடும். உப்புநீர் அந்த மணியை அணையவிடாமல் வைத்திருக்கும். நீரின் சூடும் முக்கியம் என்று அதே ஆய்வாளர்கள் பார்த்தார்கள். உழைத்துவந்த குதிரைகள் சுமார் 20 டிகிரியில் இருந்த நீரையே அதிகம் குடித்தன.

ஓட்ட நாளன்றுதான் முதன்முதலாக உப்புநீரைக் காட்டினால் குதிரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும் என்று அதன் குணத்தைச் சும்மாவா சொன்னார்கள்? வீட்டிலேயே பல நாள் பழக்க வேண்டும். அப்போதும் பக்கத்தில் இன்னொரு வாளியில் நல்ல தண்ணீர் இல்லாமல் உப்புநீரை மட்டும் வைக்கவே கூடாது.

விட்டொழிக்க வேண்டிய இரண்டு பயங்கள்

உடல் சூட்டோடு நிற்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டினால் வயிறு பிடித்துக்கொள்ளும் என்பது ஒன்று. சூடான தசைமேல் குளிர்ந்த நீர் பட்டால் தசை முறுக்கிக்கொள்ளும் என்பது இன்னொன்று. தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டவை இவை. இரண்டுக்கும் ஆதாரமில்லை. முதலாவது பயம், கொஞ்சமாவது தாகம் இருக்கும் அந்தப் பொன்னான நேரத்தில் வாளியை ஒளித்துவைக்கச் சொல்கிறது. வேலை முடிந்த உடனே குடிக்க விடலாம், விட வேண்டும்.

இரண்டாவது பயம் உடைந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குதிரைகள் வெப்பத்தில் தவித்ததைப் பார்த்தவர்களுக்கு, அதைவிடப் புழுக்கமான 1996 அட்லாண்டாவை நினைத்துக் கவலை வந்தது. விஞ்ஞானிகள் முன்கூட்டியே ஆராய்ந்தார்கள். சில்லென்ற நீரை உடல் முழுக்க மீண்டும் மீண்டும் ஊற்றினால் வெப்பம் வேகமாக இறங்குகிறது, தசைக்குக் கேடு வருவதில்லை என்று தெரிந்தது. அட்லாண்டாவில் குளிர்நீர், நீர்த்தூவல் விசிறி, நிழல், சுருக்கப்பட்ட ஓட்டம் எல்லாம் சேர்ந்து குதிரைகளைக் காத்தன. புழுக்கமான நாளில் வியர்வை ஆவியாகாமல் சொட்டித்தான் விழும். சொட்டும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை, உப்பு நட்டம் மட்டும் உண்டு. நாம் ஊற்றும் நீர் அந்த வியர்வையின் வேலையைச் செய்துவிடுகிறது. குளிர்விப்பதும் நீர்ச்சத்தைக் காப்பதுதான்.

வற்றிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோலைக் கிள்ளிப் பார்ப்பது எல்லோரும் அறிந்த சோதனை. ஆனால் வயது, கொழுப்பு, கிள்ளும் இடம் இவற்றைப் பொறுத்து அது மாறும். வயதான குதிரையின் தோல் நல்ல நாளிலேயே மெதுவாகத்தான் திரும்பும். அதை மட்டும் நம்பாதீர்கள். மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ஓய்வில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. வேலை முடிந்து வெகுநேரமாகியும் 60-க்கு மேலேயே நின்றால் கவலைப்படலாம். காதை விலாவில் வைத்துக் குடலின் கடமுடச் சத்தத்தைக் கேளுங்கள். நிசப்தம் நல்லதல்ல.

இந்த அறிகுறிகள் தெளிவாகத் தெரியும்போது உடல் எடையில் ஏறத்தாழ 5 சதவீதம் நீராகப் போயிருக்கும். 500 கிலோ குதிரைக்கு அது 25 லிட்டர். கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருந்தால் தாமதம்தான்.

சுருக்கமாக: நாரும் உப்பும் முன்கூட்டியே, தண்ணீர் எப்போதும், உழைப்பு முடிந்ததும் உடனே குடிக்கவிட்டுக் குளிரவைப்பது, ஈறும் இதயமும் குடல் சத்தமும் பார்ப்பது. இவ்வளவும் சரியாக இருந்த பிறகுதான் டப்பாக்களைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஒரு பொடி வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

தீவனத்தின் குறையை நிரப்பவோ, குறிப்பிட்ட பலனுக்காகவோ கூடுதலாகச் சேர்ப்பதைச் சப்ளிமென்ட் என்கிறோம். மருந்துக்குக் கேட்கும் நிரூபணத்தைப் பெரும்பாலான நாடுகளில் இவற்றுக்குக் கேட்பதில்லை. டப்பாவில் எழுதியிருப்பது நிரூபிக்கப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

நொண்டிய குதிரைக்கு ஒரு பொடி கொடுத்தீர்கள், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதத்தில் அது ஓய்வெடுத்தது, லாடம் மாற்றப்பட்டது, மழை பெய்து தரை மெத்தென்றானது. எதனால் குணமானது? இதற்குத்தான் ஒப்பீட்டுக் குழு தேவை. ஒரே மாதிரி நிலையிலுள்ள குதிரைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குப் பொடி, மற்றதற்குப் பார்வைக்கு அதே மாதிரியான வெற்றுப்பொடி. எது யாருக்கு என்று மதிப்பிடுகிறவருக்கும் தெரியக்கூடாது. இதைக் கண்கட்டுச் சோதனை என்போம். குதிரைக்கு நம்பிக்கையால் குணமாகாது என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் நடையைப் பார்த்து மார்க் போடும் நமக்கு நம்பிக்கை இருக்கிறதே, அதற்காகத்தான் நம் கண்ணைக் கட்ட வேண்டியிருக்கிறது.

இந்தச் சல்லடையில் நன்றாகத் தேறியது பயோட்டின் என்ற வைட்டமின். குளம்பு நொறுங்கும் லிப்பிட்சானர் குதிரைகள் 42-ஐ வைத்து நடந்து 1995-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பெற்ற குதிரைகளின் குளம்பு தேறியது. ஆனால் மாற்றம் கண்ணுக்குத் தெரியவே ஒன்பது மாதம் ஆனது. காரணம் எளிது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. பயோட்டின் அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. மேலே ரோமம் முடியும் விளிம்பில் புதிதாக உருவாகும் குளம்பை மட்டுமே அது உறுதியாக்கும். அந்தப் புதுக்குளம்பு தரைக்கு வந்துசேர ஏறக்குறைய ஒரு வருடம். மூன்று மாதம் கொடுத்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துகிறவர் பணத்தையும் பலனையும் சேர்த்தே இழக்கிறார்.

வைட்டமின் ஈ-யும் தேறியது, யாருக்கு என்பதைப் பொறுத்து. பச்சைப்புல்லில் அது நிறைய உண்டு. புல்லை அறுத்து உலர்த்தும்போது பெருமளவு அழிந்துவிடும். மேய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் உலர்புல்லில் வாழும் குதிரைக்கு அது தேவை. நாள் முழுக்க மேய்கிற குதிரைக்குத் தேவையில்லை. இயற்கை வடிவ வைட்டமின் ஈ செயற்கையானதைவிட நன்றாக உடலில் சேர்கிறது.

அதிகம் விற்கும் மூட்டுப் பொடிகளின் கதை வேறு. அவற்றின் முக்கியப் பொருளான குளுக்கோசமைன், வாய்வழி கொடுத்தால் குதிரையின் ரத்தத்துக்குப் போய்ச்சேருவது சில சதவீதம்தான். ஆய்வுக்கூடத் தட்டில் குருத்தெலும்புச் செல்களுக்கு நல்லது செய்கிறது என்பதும், தீவனத்தில் கலந்த பொடி முழங்காலுக்குப் போய்ச் சேர்ந்து நல்லது செய்கிறது என்பதும் ஒன்றல்ல. வெளிவந்த குதிரை ஆய்வுகளை ஒட்டுமொத்தமாகப் பரிசீலித்தவர்கள் அவற்றின் தரம் தாழ்வு என்றே முடிவுக்கு வந்தார்கள். வலியில் இருக்கும் குதிரையை நம்பிக்கைப் பொடியில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டாமல் மாதங்களைக் கடத்துவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். மனதை அமைதிப்படுத்தும் என்று விற்கும் மக்னீசியப் பொடிகளுக்கும் ஆதாரம் மெலிது.

ரத்தம் ஊறும் இரும்பு டானிக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புல்லிலும் உலர்புல்லிலும் இரும்பு தேவைக்கு மேலேயே இருக்கிறது. குதிரையின் மண்ணீரல் சிவப்பணுக்களைச் சேமித்துவைத்து, ஓட்டம் தொடங்கியதும் ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. அதனால் ஓய்வில் எடுத்த ரத்தச் சோதனையில் எண்ணிக்கை குறைவாகத் தெரிந்தாலே ரத்தசோகை ஆகிவிடாது. வீணாகச் சேரும் இரும்பு கல்லீரலுக்குக் கேடு.

கொஞ்சம் கூடினாலும் நஞ்சாவது

உப்பு மிஞ்சினால் சிறுநீரில் போகும் என்றேன். எல்லாச் சத்தும் அப்படியல்ல. செலினியம் அதற்குக் கொடூரமான சான்று. தசைகளைக் காக்கும் தாது அது. 500 கிலோ குதிரைக்கு நாளுக்கு 1 மில்லிகிராம் போதும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து வெலிங்டனில், ஒரு பெரிய போலோ போட்டிக்கு வந்திருந்த 21 குதிரைகள் அடுத்தடுத்து விழுந்து இறந்தன. அவற்றுக்கு ஊசிவழி செலுத்தப்பட்ட சத்துக்கலவையில் செலினியத்தின் அளவு தவறாகிப் பல மடங்கு கூடியிருந்தது. களைப்பு நீங்கித் தேறட்டும் என்று கொடுத்த சத்து அது.

அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மெல்ல மெல்லச் சேரும் நஞ்சு நம் லாயத்திலேயே நடக்கலாம். கலப்புத் தீவனத்தில் செலினியம், குளம்புப் பொடியில் செலினியம், தசைப் பொடியிலும் செலினியம். ஒவ்வொரு டப்பாவும் தனித்தனியே சரியான அளவுதான். மூன்றும் சேர்ந்தால்? பிடரிமயிரும் வாலும் உதிரும், குளம்பு குறுக்கே வெடிக்கும். அதைப் பார்த்துக் குளம்புக்கென்று நான்காவது டப்பா வாங்குகிறவரும் இருக்கிறார். உங்கள் அலமாரியிலுள்ள எல்லா டப்பாக்களையும் வெளியே எடுத்து, ஒரு காகிதத்தில் செலினியம், இரும்பு, வைட்டமின் ஏ, டி ஆகிய நான்கையும் கூட்டிப் பாருங்கள். அந்தக் காகிதத்தை மருத்துவரிடம் காட்டுங்கள். புது டப்பா வாங்குவதற்கு முன் உலர்புல்லை ஒருமுறை ஆய்வகத்தில் சோதிப்பதும் அதே கணக்குத்தான். என்ன குறைகிறது என்று தெரியாமல் எதை நிரப்புவது?

அந்தப் பெண்குதிரை

இப்போது அதன் காலைத் தீவனத்தில் உப்பு தவறாமல் விழுகிறது. நீண்ட ஓட்டத்துக்கு முந்தின இரவும், அன்று காலையும் உலர்புல் தாராளம். திரும்பி வந்ததும் நிழலில் நிறுத்தி, ஒருவர் உடல் முழுக்க நீரூற்ற, நான் இரண்டு வாளிகளை முன்னே வைக்கிறேன். முதலாவதில் உப்புநீர், அடுத்ததில் நல்ல தண்ணீர். அலமாரியில் மிச்சமிருப்பது பயோட்டின் டப்பா ஒன்றுதான். அது பத்தாவது மாதத்தில் இருக்கிறது.

உப்புநீரில் வாயை வைத்ததும் முதலில் கொஞ்சம் தயங்கும். பிறகு ஒவ்வொரு மிடறுக்கும் அதன் காதுகள் முன்னும் பின்னும் அசையத் தொடங்கும். நான் அந்தக் காதுகளைப் பார்த்து மிடறுகளை எண்ணுவேன். எண்ணிக்கை முப்பதைத் தாண்டியதும் இரண்டாவது வாளியைக் கிட்டே நகர்த்துவேன்.